எதிர்வீட்டுத் திரைச்சீலை

நாங்கள் வசிக்கும் ஜெர்மன் சிறுநகரத்துக்கும் பிரான்சிலுள்ள ஒரு குக்கிராமத்துக்கும் நெடுங்கால நட்பு. போரில் ஜெர்மன் படை அந்தக் கிராமத்தைச் சீரழித்தது. பின்னால் வந்தவர்கள் சேர்ந்து இந்த உறவை உண்டாக்கினார்கள். வசந்தத்தில் அங்கிருந்து பேருந்தில் வருவார்கள், இங்குள்ள வீடுகளில் தங்குவார்கள். என் மனைவி பாரிசில் வளர்ந்தவள், பிரெஞ்சு சரளமாகப் பேசுவாள். அதனால் பங்குத்தந்தை ஒரு வருடம் எங்களிடமும் ஒருவரை அனுப்பினார்.

வந்த மூதாட்டிக்கு எண்பத்தைந்து வயதிருக்கும். இடியப்பத்தை விரலால் பிய்த்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார். இரண்டாம் நாள் காலை கோப்பி குடிக்கும்போது தன் ஊரைப் பற்றிச் சொன்னார். மனைவி எனக்குத் தமிழில் சொன்னாள்.

"ஜெர்மன் ஆமி வந்து சனத்தை உடன வெளிக்கிடச் சொன்னதாம். அப்ப அவவுக்கு அஞ்சு வயசு. கன வீடுகளை எரிச்சுப்போட்டாங்கள். இவையின்ர வீடு தப்பிட்டுது. ஆனா திரும்பி வந்து பாக்க உள்ளுக்கு ஒண்டும் இல்லையாம்."

"ஆமி எடுத்ததோ?"

மனைவி கேட்டுச் சொன்னாள். "இல்லையாம். முதல் திரும்பி வந்த அயல் சனம். எதிர்வீட்டு யன்னலில இவையின்ர நீலத் திரைச்சீலை தொங்கினதாம். இவவின்ர தாய் சாகும் மட்டும் அந்த வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டுதான் இருந்தவவாம்."

பிறகு அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"நீங்களும் யுத்தத்தால வந்தனீங்கள், உங்களுக்கு விளங்கும் எண்டுறா."

"ஓம்" என்றேன். ஷெல் விழுந்ததையும், படகேறியதையும், இங்கே அகதி முகாமில் இருந்ததையும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. நான் கையை எடுக்கவில்லை.

சொல்லாமல் விட்டது இதுதான். மன்னாரில் எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, எங்கள் தமிழ்ப் போராளி இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னது. எங்கள் பின்வீட்டு முஸ்லிம் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவோம், தையல்காரர். சாவியை அப்பாவிடம் கொடுத்து, "பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு, ஒரு பையோடு போனார். மூன்றாம் நாள் அந்தச் சாவியால் கதவைத் திறந்து அவருடைய தையல் மெசினை நான் தூக்கி வந்தேன். மற்றவர்கள் எடுக்கமுன் நாங்கள் எடுத்து வைப்போம் என்று அம்மாவிடம் சொன்னேன். அக்கா அதில் வருடக்கணக்காகத் தைத்தாள். ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

பேருந்தை அனுப்பிவிட்டு வரும்போது காரில் மனைவியிடம் அந்த மெசின் கதையைச் சொன்னேன்.

"அவ கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கேக்க ஏன் சொல்லேல்லை?"

"ஏலாமப் போச்சு."

"நானெல்லோ உங்களுக்காக அவ்வளவத்தையும் பிரெஞ்சில சொல்லிக்கொண்டு இருந்தனான்."

அந்தக் கோடையில் மனைவியிடம் கேட்டுக்கொண்டு, அந்த மூதாட்டிக்கு எல்லாவற்றையும் சொல்லி ஒரு கடிதம் எழுதினேன். நான் சொல்லச் சொல்ல அவள் பிரெஞ்சில் எழுதினாள், எதையும் மென்மையாக்கவில்லை. பதில் வரவில்லை. நானாவுக்கு எழுத முகவரி இல்லை. புத்தளத்தில் இறந்துபோனதாகக் கேள்வி.

அடுத்த வசந்தத்தில் அந்த மூதாட்டி மறுபடி வந்தார். வேறொரு வீட்டில் தங்கினார். பூசை முடிந்து வாசலில் என் மனைவியைக் கட்டியணைத்துக் கன்னத்தில் முத்தமிட்டார். என்னைக் கண்டதும் தலையை மெல்ல அசைத்து, "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன்.