கறை எடுப்பவரின் முன்பல்

என் வீட்டுக்காரர் சலவைக்கடையில் கறை எடுப்பவர். மை, துரு, ரத்தம் எதுவானாலும் அவர் மேசைக்குத்தான் வரும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு துணியைக்கூடப் ‘போகாது’ என்று அவர் திருப்பி அனுப்பியதில்லை. அந்தத் திமிர்தான் வினையாக வந்து முடிந்தது.

கல்யாணத்துக்கு முன்பே முன்பல்லுக்கு கேப் போட்டிருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் அதன் மேல்விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. டாக்டரிடம் போகச் சொன்னேன்.

"கறைக்கு எதுக்குடி டாக்டரு? நான் பாத்துக்கறேன்."

சட்டைக் காலர் தேய்க்கிற முரட்டு பிரஷ்ஷில் புதிதாக ஒன்று வாங்கிவந்து காலையும் மாலையும் தேய்த்தார். கோடு தடித்தது. இன்னும் அழுத்தித் தேய்த்தார். வாஷ்பேசினில் ரத்தத்தைப் பார்த்து நான் கத்தாத நாளில்லை, காதில் போட்டுக்கொண்டால்தானே. பிறகு வாயைப் பொத்திக்கொண்டே பேசினார். சிரிப்பதை அடியோடு விட்டுவிட்டார். தண்ணீர் பட்டாலே பல் கூசி அவர் துடித்ததைப் பார்க்க முடியாமல், நேற்று நானே இழுத்துக்கொண்டு போனேன்.

"இது கறையே இல்லீங்க," என்றார் பல் டாக்டர். "கேப்புக்கு உள்ள இருக்கிற உலோகத்தோட விளிம்பு. ஈறு லேசா விலகினதால வெளிய தெரிஞ்சிருக்கு. நீங்க தேய்க்கத் தேய்க்க இன்னும் மேல போயிடுச்சு. கேப்பை மாத்திடலாம். போன ஈறு தானா வளராது."

என் வீட்டுக்காரர், டாக்டர் கொடுத்த கைக்கண்ணாடியில் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணி நைஞ்சா கையை எடுன்னு கடையில எல்லாருக்கும் நான்தான் சொல்லுவேன்," என்றார் என்னிடம். "நையுதுன்னு தெரிஞ்சுதுடி. கறை போகலையேன்னுதான் விடல."