துண்டுக்குள் போட்ட மார்க்

அந்தியூர் ஆடிச் சந்தையில் ஒரு வருசம் கிழட்டுக் காளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். யாரும் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. மாட்டுத் தரகர் வேலுமணி மட்டும் அடிக்கடி அவரிடம் போய், தோள் துண்டைக் கைகளின் மேல் போட்டு மூடி, விலை பேசுகிறவர் போல நின்றுவிட்டு வந்தார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொல்வதுதான் அங்கே வழக்கம். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. அன்று துண்டுக்குள் விலையே இல்லை. வெறுமனே கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், நாலு பேர் முன்னால் அந்த மனிதர் தலைகுனிந்து நிற்கக் கூடாது என்று. பெரியவரே பிறகு டீக்கடையில் சொல்லித்தான் குமாரசாமிக்கு இது தெரியும்.

குமாரசாமி பீளமேட்டில் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருந்தார். வேலுமணி அவர் மனைவி வரலட்சுமியின் அண்ணன். தொண்ணூற்றாறில், பிள்ளைகள் மிதுனையும் ரித்திகாவையும் சிங்கப்பூர் கூட்டிப்போய் நாலு விசயம் காட்டி வர வேண்டும் என்று குமாரசாமிக்கு ஆசை வந்தது. தலைமையாசிரியை மெர்சி டீச்சர் லீவு தந்தார். ஆனால் திரும்பி வந்ததும் பிள்ளைகள் பார்த்ததைப் பிரேயரில் எல்லார் முன்னாலும் பேச வேண்டும் என்றார். அவர்கள் பேசாவிட்டால் தானே மேடையேறிப் பேசுவதாகக் குமாரசாமி வாயை விட்டுவிட்டார். கல்யாண மண்டபத்தில் மைக்கைக் கண்டாலே பந்திக்கு ஓடுகிற மனிதர் அவர். வரலட்சுமி விமானத்தில் ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள். தனக்குப் பதிலாக அண்ணனை அனுப்பிவைத்தாள்.

முதல் நாள் ஒரு பெரிய மியூசியம். குமாரசாமி ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டி முன்னாலும் நின்று, எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்து விளக்கினார். மிதுன் நகரும் படிக்கட்டில் ஏறி ஏறி இறங்கினான். ரித்திகா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஓட்டல் குளியல் தொட்டிக்கு எப்போது போவோம் என்று கேட்டாள். சாப்பிடும்போது, இன்றைக்கு என்ன பார்த்தீர்கள் என்று விசாரித்தார். படிக்கட்டு என்றான் மகன். குமாரசாமி காரமடை ரங்கநாதரை நினைத்துக் கண்ணை மூடினார். உள்ளே மைக்குதான் தெரிந்தது.

மறுநாள் அதே மியூசியத்துக்கு மறுபடி கூட்டிப்போனார். வாசலிலேயே வேலுமணி அவரை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார்.

"கண்ணு, அம்மணி, ரண்டு பேரும் இங்க வாங்க. உங்களுக்கு வருசம் பூரா மார்க் போடறாங்கல்ல? இன்னிக்கு நீங்க போடுங்க."

ஒரு விரலைப் பிடித்தால் ஒரு மார்க். முழுக் கையையும் பிடித்தால் அஞ்சு. குறைந்த மார்க் வாங்கிய பொருளின் மனசு நோகக் கூடாது, அதனால் எல்லாம் துண்டுக்குள். மாட்டைப் பார்ப்பது போல முன்னும் பின்னும் சுற்றிப் பார்க்காமல் போட்ட மார்க் செல்லாது. காரணத்தை மாமன் காதில் சொல்லவும் வேண்டும்.

பிள்ளைகள் பாடம் பண்ணி வைத்திருந்த புலியைச் சுற்றினார்கள், படகைச் சுற்றினார்கள், குனிந்து அடிவயிறு பார்த்தார்கள். கண்ணாடிப் பெட்டி பக்கத்தில் கையை மூடிக்கொண்டு மூன்று பேர் கிசுகிசுப்பதைக் கண்டு காவலாளி விரைந்து வந்தார். வேலுமணி கும்பிடு போட்டுத் துண்டை விலக்கினார். அவருடைய இரண்டு விரலைப் பிடித்தபடி ஒரு சின்னக் கை, அவ்வளவுதான். பிறகு அந்தக் காவலாளியின் கையையும் மரியாதையாகத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். பாஷை தெரியாத அந்த மனிதர் படகுக்கு மூன்று மார்க் போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

கடைசி நாள் சாயங்காலம் ஓட்டல் கட்டிலில் துண்டு விரிந்திருந்தது. மூவரும் குமாரசாமியையே பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். பிள்ளைகள் எழுந்து வந்து அவரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டும் போனார்கள். தனக்கு எத்தனை என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"தொழில் தர்மமுன்னு ஒன்னு இருக்குதுங்க மாப்பிள்ளை" என்று வேலுமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பிரேயரில் மிதுன் பேசினான்: புலியின் கண்ணாடிக் கண் இரண்டும் இரண்டு பக்கம் பார்த்ததால் ரண்டே மார்க். ரித்திகா, ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த படகுக்கு அஞ்சு போட்டதைச் சொல்லி, அது எப்படி மிதக்கும் என்று டீச்சரையே கேட்டாள். ரங்கநாதர் காப்பாற்றினார். கடைசி வரிசையில் குமாரசாமி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் தன் மார்க் தெரியாதது மட்டும் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. பொங்கலுக்குக் கேட்டார், காதுகுத்துக்குக் கேட்டார். தரகர் ஒவ்வொரு தடவையும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

தொண்ணூற்றொன்பதில் வேலுமணி படுக்கையில் விழுந்தார். குமாரசாமி அந்தியூர் போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டார்: கொழந்தைங்க எனக்கு எத்தனைங்க மச்சான் போட்டாங்க? வேலுமணி தலைமாட்டிலிருந்த துண்டை எடுத்து அவர் கை மேல் போட்டார். உள்ளே அவருடைய முழுக் கையையும் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"அவங்க போட்டது துண்டுக்குள்ளயே இருந்துட்டுப் போவுதுங்க. நான் எத்தனை போட்டேன்னு நீங்க ஒருக்காக்கூடக் கேக்கலீங்களே, மாப்பிள்ளை."