நோம்பிக்கு வைத்த சேலை

சூலூர் தெய்வாத்தாளுக்கு முப்பத்துநாலு வயது வரை கல்யாணம் ஆகவில்லை. ஜாதகம் சரியில்லை என்பார்கள், நிறம் மட்டு என்பார்கள். அண்ணன் தனபாலின் தறிக்கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தவர்கள் மட்டும் வாயை மூடிக்கொள்வார்கள். கல்யாணம் ஆகாத தங்கச்சி என்றால் கூலி கேட்காத தறிக்காரி. தனபால் கெட்டவர் இல்லை. வருகிற மாப்பிள்ளைகளிடம் நொட்டை கண்டுபிடிக்க அவருக்கு நேரம் இருந்தது, நல்லது பார்க்கத்தான் நேரமில்லை.

தொண்ணூற்று மூன்றில் மழை ஏமாற்றிவிட்டது. தறிக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீருக்கு ஆழ்துளைப் போர் போட திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டி வந்தது. பாறையைக் குடைந்தபோது எழுந்த புழுதியில் வேலையாட்கள் எல்லாரும் மாவு மில்லில் புரண்டவர்கள் போல வெளுத்து நின்றார்கள். அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டது தெய்வாத்தாள். அதில் ஒருத்தன் கை கழுவத் தண்ணீர் கேட்டான். அவள் செம்பிலிருந்து ஊற்ற ஊற்ற, வெள்ளைப் புழுதிக்கு அடியிலிருந்து ஒரு கறுத்த முகம் வெளியே வந்தது. நாற்பது வயது முகம். அது அவளைப் பார்த்துச் சிரித்தது.

"உங்க ஊட்டுப் பருப்புக்கு இன்னொரு போர் கூடப் போடலாமுங்க" என்றான்.

தனபாலின் நிலத்தில் தண்ணீர் வரவில்லை. வந்தது அன்றைக்குக் கை கழுவத் தண்ணீர் கேட்ட செங்கோடன்தான், அடுத்த மழைக்காலத்தில், ரிக் வண்டிகள் ஊர் திரும்பியிருந்த சமயத்தில், வெற்றிலை பாக்கோடு பெண் கேட்டு வந்தான். இரண்டு பக்கமும் ஒரே சாதி, குலக் கூட்டம் மட்டும் வேறு வேறு. தனபாலால் இந்த முறை ஒரு நொட்டையும் சொல்ல முடியவில்லை. ஆனால் பேச்சுக்கு நடுவில் மாப்பிள்ளை இருமினான். இருமி முடிக்கவே வெகு நேரம் ஆனது. தனபால் அவனைக் கையோடு கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினார். இருபது வருடம் சுவாசித்த கல்புழுதி நெஞ்சில் கெட்டியாகப் படிந்துவிட்டது, எடுக்க வழியில்லை, அதிகம் போனால் ஒரு வருடம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த தனபால் சாப்பிடக்கூட உட்காரவில்லை.

"அம்மணி, இது வேண்டாங்கண்ணு. தாலி கட்டறதே அறுக்கறதுக்கா? நாளைக்குப் பொறந்த ஊட்டுக் கோடின்னு வெள்ளச் சேலையத் தூக்கீட்டு வர வேண்டியவன் நானு. என்னால ஆகாது."

"அந்த இருமலக் கேட்டப்பவே தெரியுமுங்கண்ணா."

"தெரிஞ்சுமா?"

"ஆயுசு கெட்டியா இருக்கற ஒருத்தனும் இத்தன வருசத்துல என்னையத் திரும்பிப் பாக்கலீங்கண்ணா" என்றாள் தெய்வாத்தாள். அழவில்லை. தறி நின்றிருந்ததால் அவள் சொன்னது தெளிவாகக் கேட்டது.

சிவன்மலையில் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டிலிருந்து ஈ காக்கைகூட வரவில்லை. ரிக்கில் கூட வேலை செய்த கருப்புசாமிதான் மாப்பிள்ளைக்குத் தோழன், பெண்ணுக்குக் கூடப்பிறந்தவன், சாட்சி எல்லாம். அவன் தலையில் ஒரு தகரப் பெட்டியையும் சுமந்து வந்தான்.

"இதைத் தூக்கித் தூக்கியே எங் கழுத்து உள்ள போயிருச்சுங்க அக்கா" என்றான்.

பெட்டி நிறையச் சேலை. ரிக் எந்த ஊருக்குப் போனாலும் செங்கோடன் ஒரு சேலை வாங்கிவிடுவானாம். சூரத், நாக்பூர், ராய்ப்பூர், ஜோத்பூர். பெண்டாட்டியே இல்லாதவனுக்குச் சேலை எதற்கு என்று எல்லாரும் கேலி செய்வார்களாம். வருவாள் என்று மட்டும் சொல்வானாம்.

சூலூரிலேயே வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் வாடகைக்குக் குடிபோனார்கள். தெய்வாத்தாள் வேறொருவர் தறிக்கு வேலைக்குப் போனாள். அந்தப் புண்ணியத்தில் முதல்முறையாகக் கூலியும் வாங்கினாள். தினம் ஒரு சேலை கட்டிக்கொண்டு போனாள். தறியோட்டப் போகிறவளுக்கு மினுக்கு வேறயா என்று லைனில் இருந்த பெண்கள் வாயைக் கோணினார்கள். ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் அந்த வீட்டுக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து, இந்த வயசில் இதென்ன கூத்து என்றும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். சிரித்தவர்களில் எத்தனை பேரைக் கட்டினவன் அப்படித் தேடியிருப்பான்?

அவன் மார்பில் காதை வைத்துப் படுத்திருப்பாள். உள்ளே கரகரவென்று கேட்கும். அந்தச் சத்தம் அவளுக்குப் பயமாக இருந்தது. அதைக் கேட்காமல் தூக்கமும் வரவில்லை. மூச்சு ரொம்பத் திணறும் நாட்களில் இரண்டு பேரும் பொள்ளாச்சி பஸ் ஏறுவார்கள். பொள்ளாச்சியில் ஒரு வேலையும் கிடையாது. கிணத்துக்கடவு தாண்டியதும் ஜன்னலில் அடிக்கிற காற்றுக்காகத்தான். செங்கோடன் வாயைத் திறந்து அதை வாங்கிக்கொள்வான். அவள் அவன் கையைத் தன் மடியில் பொத்தி வைத்திருப்பாள். யார் பார்த்தால் என்ன என்று அவளுக்கு ஆகிவிட்டது.

நாளைக்கு என்ற பேச்சையே அந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்பது தெய்வாத்தாளே போட்ட சட்டம். மாதச் சீட்டுக் கட்டவில்லை, ஊறுகாய் போடவில்லை. இருக்கிற நாளை மிச்சம் வைக்காமல் தின்றுவிட வேண்டும் என்று கங்கணம் கட்டியிருந்தாள்.

சித்திரை வந்தது. ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டி, திருவிழா தொடங்கியதற்கு அடையாளமாகக் கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து செங்கோடனுக்கு இருமல் குறைந்தது. இரண்டு வேளை சோறு இறங்கியது. கடை வரைக்கும் தானே நடந்து போய் அவளுக்குப் பூ வாங்கி வந்தான். டாக்டர் சொன்னது தப்பாக இருக்குமோ என்று தெய்வாத்தாளுக்குத் தோன்றிவிட்டது. அந்த ஒரு நினைப்புத்தான் அவளைக் கெடுத்தது.

பெட்டியின் அடியில் ஒரே ஒரு சேலை கட்டாமல் இருந்தது. ஜோத்பூரில் வாங்கியது, சிவப்பில் மஞ்சள் பொட்டுப் பொட்டாக. அவன் அதை எடுத்து அவள் தோளில் போட்டுப் பார்த்தான்.

"இதுதான் புள்ள நான் மொதமொதல்ல வாங்குனது. இன்னைக்குக் கட்டு."

"நல்ல சேலையப் போயி வெறும் நாள்ல கட்டுவாங்களா? நோம்பிக்குக் கட்டிக்கறேனுங்க. மாவிளக்கு எடுத்துட்டு இதுலயே வாரேன், நீங்க வாசல்ல நின்னு பாருங்க."

கொங்குப் பெண்கள் யாரும் சொல்லக்கூடியதுதான். அவளுடைய அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள். செங்கோடன் சேலையை அவள் தோளிலிருந்து எடுத்தான்.

"செரி, உம் பிரியம்" என்று மடித்துக் கொடுத்துவிட்டான்.

மாவிளக்குக்கு முந்தின நாள் காலையில், அவள் அரிசி இடித்துக்கொண்டிருந்தபோது, வாசல்படியில் உட்கார்ந்திருந்த செங்கோடன் இருமினான். இருமல் பாதியில் நின்றது. உலக்கையைப் போட்டுவிட்டு அவள் ஓடி வந்து தாங்கியபோது தலை அவள் கையில் கனமாகச் சாய்ந்தது.

என்னால ஆகாது என்ற தனபால் வந்தார். மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவிலேயே நின்று, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார். பையில் வெள்ளைச் சேலை இருந்தது.

உடலை எடுப்பதற்கு முன் பெண்டாட்டிக்குக் கடைசியாக ஒருமுறை மஞ்சள் பூசி, பூ வைத்து, வளையல் போட்டு உட்கார வைப்பது வழக்கம். இருக்கிறதிலேயே நல்ல சேலையாக எடுங்கள் என்று ஒரு பெரியவள் சொன்னாள். யாரையும் விடாமல் தெய்வாத்தாளே பெட்டியைத் திறந்தாள்.

அந்தச் சிவப்பு அவளுக்கு அவ்வளவு எடுப்பாக இருந்தது. வாய் கோணிய லைன் பெண்கள்கூடத் தேம்பினார்கள். செங்கோடனின் தலைமாட்டில் மண்டியிட்டு அவள் அவன் காதருகே குனிந்தாள்.

"ஏனுங்க, கட்டீட்டு வந்துட்டனுங்க. ஒருக்காப் பாருங்க."

கண்களை யாரோ ஏற்கெனவே மூடிவிட்டிருந்தார்கள். பாடை தயார் என்று வெளியிலிருந்து குரல் வந்தது. "இன்னுங் கொஞ்ச நேரம் இருக்கட்டுமுங்க, இப்பத்தான் கட்டுனேன்" என்று அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கெஞ்சினாள். பெட்டியில் மடித்து வைத்திருந்த தடம்கூட அந்தச் சேலையில் இன்னும் போகவில்லை. அதற்குள் அண்ணன் கொண்டுவந்த வெள்ளைக் கோடியைப் பிரித்து அதன் மேல் போட்டார்கள்.