எழுமலை முச்சந்தியில் ஒரு மஞ்சள் குஞ்சு

திருச்சியில் ஏறிய பேருந்து மாட்டுத்தாவணிக்குள் நுழைந்தபோது காலை பத்து மணி இருக்கும். மதுரை எனக்குப் புதிய ஊரல்ல. கல்யாணம், கோயில், அலுவலகப் பயிற்சி என்று எத்தனையோ முறை வந்திருக்கிறேன். ஆனால் இந்த முறை போகும் காரணத்தைச் சொன்னபோது என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"நூல்ல பொம்மை பின்னி ரோட்டுல வச்சுட்டு வர்றதுக்கா ரெண்டு நாள் லீவு போட்டிருக்க?"

ஆமாம், அதற்குத்தான்.

கூப்பிட்டவள் ஜெசிந்தா. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. இப்போது மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு ஆசிரியை. காலாண்டு விடுமுறையில் இருந்தாள். கே.கே. நகர் போக வேண்டும் என்றதும் ஆட்டோக்காரர், "ஆர்ச்சுக்கு உள்ளயாக்கா, வெளியவா?" என்று கேட்டார். உள்ளே என்றேன். "அப்ப நூறு ரூவா குடுங்க" என்றார். அந்தத் தூரத்துக்கு அது அதிகம்தான். பேரம் பேசும் மனநிலையில் நான் இல்லை.

ஜெசிந்தா கதவைத் திறந்தபோது குரோஷா ஊசி அவள் கொண்டையில் செருகியிருந்தது. "வாடி. முதல்ல சாப்பிடு. இன்னைக்கு உனக்கும் வேலை இருக்கு" என்றாள்.

சாப்பாட்டு மேசையின் பாதியை உல்லன் நூலில் பின்னிய சிறு உருவங்கள் பிடித்திருந்தன. ஆரஞ்சு நிற மீன், சிட்டுக்குருவி, ஊதாக் கத்தரிக்காய், பச்சை மிளகாய், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு யானை. ஒவ்வொன்றின் கழுத்திலோ காம்பிலோ சிறு அட்டை தொங்கியது. அவளுடைய கரும்பலகைக் கையெழுத்தில், "இது தொலைந்த பொருள் அல்ல. கண்டெடுத்தவருக்கே சொந்தம்" என்று எழுதியிருந்தாள்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டேன். பெங்களூரில் மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு நாள், ரயில் நிலைய பெஞ்சில் அவளுக்கு ஒரு நூல் நட்சத்திரம் கிடைத்ததாம். எடுத்துக்கொள் என்று அதில் எழுதியிருந்ததாம்.

"சுத்தி சுத்திப் பாக்குறேன், ஒருத்தருமில்ல. மதுரை வர்ற வரைக்கும் கையிலேயே வச்சிருந்தேன்டி. யார் வச்சதுன்னு தெரிஞ்சிருந்தா ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு அன்னைக்கே மறந்திருப்பேன். தெரியலையா, அதான் இம்புட்டு தூரம் வந்திருச்சு."

மாலை ஐந்தரை மணிக்கு அவளுடைய ஸ்கூட்டரில் கிளம்பினோம். வைகையைக் கடக்கும்போது ஆற்றின் நடுவில் ஓடையளவு தண்ணீர். மீதி மணலெல்லாம் புல்லும் மாடுகளும். தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. நடு மண்டபம் மாலை வெயிலில் தேன் நிறமாகியிருந்தது. கல்சுவரைச் சுற்றிலும் ஊரே வந்து உட்கார்ந்ததுபோல் கூட்டம். சுண்டல், பஜ்ஜி, பலூன், செல்ஃபி. இந்தச் சந்தடியில் ஒரு நூல் மிளகாயை யார் கவனிப்பார்கள் என்று நினைத்தேன்.

ஜெசிந்தா நடக்கிற நடையிலேயே போக்குவரத்துத் தடுப்பின் கம்பியில் அதைத் தொங்கவிட்டுவிட்டு நடந்தாள். நாங்கள் பஜ்ஜிக்கடைக்குப் போய்த் திரும்பிப் பார்த்தோம். ஒரு குடும்பம் கடந்து போனது. ஒரு முதியவர் தொட்டுப் பார்த்துவிட்டு, யாருடையதோ என்று விட்டுவிட்டார். பிறகு பணியில் இருந்த போக்குவரத்துப் பெண் காவலர் தடுப்பை நகர்த்த வந்தார். காலையிலிருந்து வெயிலில் நின்ற முகம். அட்டையைப் படித்தார். இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். மிளகாயை எடுத்து விசில் கயிற்றில் மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் ஊதிய விசிலில் ஒரு துள்ளல் இருந்ததாக நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு மினி பஸ்ஸை நிறுத்தி, ரோட்டைக் கடக்க நின்ற எல்லாரையும் கையசைத்து அழைத்தார். அத்தனை பேரும் கடக்கும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது.

அவ்வளவு சின்னப் பொருள்; அது ஒரு நாற்சந்தியையே மாற்றிவிட்டதே!

வீட்டுக்கு வந்ததும், எனக்கும் கற்றுக்கொடு என்று உட்கார்ந்தேன். கோழிக்குஞ்சு சுலபம் என்றாள். அது ஒன்றும் சுலபமில்லை. நூல் விரலில் சிக்கியது, கண்ணி விட்டுப்போனது. கடைசியில் என் கையில் இருந்தது மஞ்சளாக ஒரு உருண்டை. அதில் இரண்டு கறுப்புக் கண்கள் ஏறுமாறாக நின்றன. சிவப்பு மூக்கிலிருந்து வெட்டாத நூல் தொங்கியது. ஜெசிந்தா வெகுநேரம் பார்த்துவிட்டு, "உயிர் இருக்கு" என்றாள். வேறு எதையும் அவளால் பாராட்ட முடியவில்லை.

மறுநாள் காலை ஆரப்பாளையத்தில் தேனி பேருந்தைப் பிடித்தோம். மாதம் ஒரு புது ஊர் என்பது ஜெசிந்தாவின் வழக்கம். போன மாதம் வாடிப்பட்டி. இந்த மாதம் எழுமலை. நகரம் முடிந்ததும் வலப்பக்கம் நாகமலை தொடங்கியது. மலை என்றால் உச்சி இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இது உச்சியே இல்லாமல், சமவெளியின் மேல் ஒரே கோடாய்ப் படுத்திருக்கும் பாறை. பேருந்து ஓட ஓட அதுவும் கூடவே வந்தது. மதுரையிலிருந்து செக்கானூரணி வழியாக உசிலம்பட்டி சுமார் நாற்பது கிலோமீட்டர். அங்கே இறங்கி எழுமலைக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இருபுறமும் சோளமும் பருத்தியும். போகப் போக மேற்கே மலைத்தொடர் நீல நிறத்தில் எழுந்து, ஊருக்குள் இறங்கியபோது தெருமுனையிலேயே நிற்பதுபோல் இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு மீன், பால் வண்டிக் கம்பியில் ஒரு குருவி, ரேஷன் கடைத் திண்டில் அந்த யானை. என் குஞ்சை எங்கே வைப்பது என்று தேடினேன். மூன்று தெருக்கள் கூடும் இடத்தில், மதியச் சாப்பாட்டுக்காகச் சாத்தியிருந்த ஒரு பெட்டிக்கடை. அதன் படி நிழலாக இருந்தது. அங்கே வைத்துவிட்டு, எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் நான் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்கார அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். சாவியை எடுத்தவர் படியைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"ஆத்தாடி! எவளோ வச்சுட்டுப் போயிட்டாளே!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் சரியாக முடிச்சுப் போடாததால் அட்டை எங்கோ விழுந்துவிட்டது. அட்டை இல்லாமல் தூரத்திலிருந்து பார்த்தால் அது குஞ்சே அல்ல. முச்சந்தியில், கடைவாசலில், கறுப்பும் சிவப்பும் நூல் சுற்றி வைத்த எலுமிச்சம்பழம்.

கண்மூடித் திறப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. டீ மாஸ்டர் கிளாசைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "கடைக்காரப் பேச்சியம்மா மருமகளுக்கு இது நிறைமாசம். இதுக்கு முன்னாடி ரெண்டு தங்காமப் போச்சு. பாவம், இந்த நேரத்துல எவனோ செய்வினை வச்சிருக்கான்."

ஒருவர் குச்சி கொண்டுவந்தார். இன்னொருவர் சீமெண்ணெய் கேட்டார். பேச்சியம்மாள் தலையில் கைவைத்து நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து உசிலம்பட்டி பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது.

நான் ஜெசிந்தாவின் கையைப் பிடித்து இழுத்தேன். "வாடி, போயிருவோம். நம்மள அடிச்சுருவாங்க."

அவள் எழுந்தாள், ஆனால் பேருந்தின் பக்கம் போகவில்லை. "நாம போயிட்டா அந்த அம்மா பிள்ளை பொறக்குற வரைக்கும் தூங்காது, சாந்தி" என்றாள்.

தெருவைக் கடந்து கூட்டத்துக்குள் போய், வகுப்பறைக் குரலில், "அத வச்சது நாங்கதான்" என்றாள்.

சத்தம் நின்றது. பேருந்து கிளம்பிப் போவது கேட்டது.

குச்சி வைத்திருந்தவர் கேட்டார்: "யாரு ஏவி விட்டாக?"

"யாரும் ஏவல அண்ணே. இது கோழிக்குஞ்சு பொம்மை. யார் கண்ணுல படுதோ அவங்க எடுத்துக்கட்டும்னு வச்சோம்."

"யாருக்குன்னே தெரியாம எதுக்கு வைப்பாக?" என்று கேட்டார் பேச்சியம்மாள். அழுத கண்ணோடு, கோபத்தோடு, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார்.

ஜெசிந்தா கடைப் படியில், அந்தக் குஞ்சுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பையிலிருந்து மஞ்சள் நூல்கண்டையும் ஊசியையும் எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள்.

யாரும் கலைந்து போகவில்லை. ஊசிமுனை உள்ளே போய் நூலைக் கொக்கியிட்டு இழுத்தது. ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணி பிறந்தது. முதலில் ஒரு புள்ளி, பிறகு ஒரு கிண்ணம். பெண்கள் நெருங்கி வந்தார்கள். குச்சிக்காரர் குச்சியை ஊன்றிக்கொண்டு குனிந்தார். இறக்கை முளைத்தது, கண் வந்தது, மூக்கு வந்தது. நானும் அதை முதல்முறை பார்ப்பவள்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெறும் நூல் எல்லார் கண்ணெதிரிலும் ஒரு குஞ்சாகிவிட்டது.

முடித்ததும் அதை என் குஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்ப இது ஏன் இப்பிடி இருக்கு?" என்றார்.

"அது நான் பின்னினது. முதல் தடவை" என்றேன்.

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லாரும்.

சிரிப்பின் நடுவே கூட்டத்தை விலக்கிக்கொண்டு நிறைமாதக்காரி ஒருத்தி வந்தாள். பேச்சியம்மாளின் மருமகள் செல்வி. மெல்லக் குனிந்து என் குஞ்சை எடுத்தாள்.

"தொடாதடி!" என்று அலறினார் பேச்சியம்மாள்.

"ஏன் அத்தை? நம்மளத் தெரியாதவுக நமக்கு எதுக்குக் கெடுதல் நினைக்கப் போறாக? தெரிஞ்சவுக வச்சாத்தான் பயப்படணும்."

கூட்டத்தில் இரண்டொருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வி அதன் கோணல் கண்களை விரலால் தடவினாள். "மூஞ்சியப் பாருங்க, இப்பத்தான் முட்டைய உடச்சுக்கிட்டு வந்த மாதிரி முழிக்குது. இது என் பிள்ளைக்கு" என்று சொல்லி முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் வயிற்றுக்குப் பக்கத்தில் அந்த முடிச்சு தொங்கியது. நான் பின்னிய பொருள், இன்னும் பிறக்காத ஒருவருக்குச் சொந்தமாகிவிட்டது.

அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது எங்கள் வீட்டு எவர்சில்வர் பாத்திரங்கள் ஞாபகத்துக்கு வந்தன. குடம், தட்டு, டம்ளர் என்று எதைத் திருப்பினாலும் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும். இன்னாருக்கு இன்னார் என்று எழுதாமல் எங்கள் வீட்டுக்குள் எதுவும் வந்ததில்லை. எங்கள் வீட்டிலிருந்து எதுவும் போனதுமில்லை. பெயரைத் தேய்த்து அழித்தால் அந்தக் குடத்தைப் பார்த்து நாங்களும் பயப்படுவோமோ என்னவோ.

பேருந்து வரும் நேரத்தில் பேச்சியம்மாள் வந்தார். இரண்டு கலர் பாட்டில்களை எங்கள் கையில் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"இன்னொண்ணு பின்னுனீகளே டீச்சர், அந்த நல்ல குஞ்சு..."

ஜெசிந்தா உடனே பையிலிருந்து எடுத்து நீட்டினாள். பேச்சியம்மாள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கையில குடுக்காதீக. அவளுக்குக் கிடைச்ச மாதிரி எங்கிட்டாச்சும் வச்சுட்டுப் போங்க. நான் வந்து எடுத்துக்கிறேன்."

சொல்லிவிட்டு முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஜெசிந்தா நாலா பக்கமும் பார்த்து, வேப்பமரத்தின் தாழ்ந்த கிளைப்பிரிவில் அந்தக் குஞ்சை உட்காரவைத்தாள். பேருந்து வந்தது, ஏறினோம், கிளம்பியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேச்சியம்மாள் இன்னும் திரும்பவில்லை. மலையைப் பார்த்தபடி, நாங்கள் போய்த் தொலைவதற்காகப் பொறுமையாகக் காத்துக்கொண்டு நின்றார்.