ஓடுகிற வண்டியிலிருந்து ஒரு சம்மதம்

இன்று காலை அத்தானின் பழைய கார் எங்கள் வாசலில் இருமிக்கொண்டு வந்து நின்றது. அந்தப் பெட்ரோல் புகை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அறுபதுகளில் காரைக்குடியில் நாங்கள் அப்பச்சி என்று அழைக்கும் என் அப்பா ஒரு கிழட்டுச் சீமைக் கார் வைத்திருந்தார். அதன் பேட்டரி சாகக் கிடந்தது. முன்னால் விட்டுச் சுற்றி வண்டியைக் கிளப்பும் கம்பியும் தொலைந்திருந்தது. "புது பேட்டரி வாங்குற காசுக்கு மூணு மாசம் பெட்ரோல் போடலாம். தள்ளுறதுக்குக் காசா பணமா?" என்பார். எந்த ஊருக்குப் போனாலும் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவார்.

ஆச்சி என்று நான் கூப்பிடும் மூத்த அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க நாட்டரசன்கோட்டை போனோம். அந்தத் தெருவில் சரிவே இல்லை. வசதியாக வளர்ந்த பையன், உடம்பு வளைந்து வேலை செய்வானோ என்று அப்பச்சிக்குச் சந்தேகம். "யோசிச்சுச் சொல்றேன்" என்று கிளம்பிவிட்டார். வண்டியைத் தள்ள, பட்டுச்சேலையோடு எங்கள் அம்மா, ஆத்தா, இறங்கினாள்.

"நீங்க ஏன் எறங்குறீக? உக்காருங்க" என்ற மாப்பிள்ளை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருக்கோடி வரை தனியாகத் தள்ளினார். வண்டி உயிர் பெற்று அவருடைய வெள்ளை வேட்டியில் கரும்புகையைக் கக்கியது. அவர் சிரித்தார்.

நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும். அதனால் அப்பச்சி ஓட்டிக்கொண்டே தலையை வெளியே நீட்டி, "எங்களுக்குச் சம்மதம்!" என்று கத்தினார்.

"இந்த பேட்டரிய மாத்தக் கூடாதா அத்தான்?" என்று, இன்று அவரும் சரிவு பார்த்து வண்டியை நிறுத்தியிருந்ததைக் கண்டு கேட்டேன்.

காருக்குள் இருந்த ஆச்சி முந்திக்கொண்டாள். "அன்னைக்கு அப்பச்சி மாத்தியிருந்தா, நான் இவுகளுக்கு வாக்கப்பட்டிருப்பேனா?"