மஞ்சள் ஃபால்கனும் ஒரு ‘போட்டு வாறன்’னும்

மயூராவுக்கு மெல்பேர்னில் கிடைத்த முதல் அறையில் ஏற்கெனவே ஒரு கார் குடியிருந்தது. அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. டண்டினோங்கில் இரஞ்சிதம் அன்ரி வீட்டுக் கராஜ் அது. ஒரு பாதியில் மஞ்சள் நிற ஃபால்கன், மறு பாதியில் மயூராவின் கட்டில். தூக்கத்தில் புரண்டால் முழங்கை கார்க் கதவில் இடிக்கும்.

எழுபதுகளில் செய்த வி8 வண்டி. அன்ரியின் மகன் இளங்கீரன் படிக்கிற வயதில் ஆசைப்பட்டு வாங்கி, ஊரையே அதிரவைத்து ஓட்டி, ஒரு கோடையில் எஞ்சின் கொதித்து நின்றதும் அப்படியே விட்டுவிட்டுச் சிட்னிக்கு வேலைக்குப் போய்விட்டான். நின்றுபோன காரும் கிடக்கட்டும், அகதியாக வந்த பிள்ளையும் இருக்கட்டும் என்று அன்ரி இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டார்.

ஆங்கில வகுப்புக்குப் போன முதல் நாள், யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று மயூரா சத்தமில்லாமல் வெளியேறப் பார்த்தாள். அன்ரி குசினி யன்னலில் நின்று பிடித்துக்கொண்டார்.

“எங்க, கள்ளப் பூனை மாதிரிப் போறாய்? போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போ.”

அன்றிலிருந்து சொல்லாமல் அவள் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

பொழுது போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காரின் பொனற்றைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பாள். பார்த்தது பிடித்துப்போயிற்று. மெக்கானிக் படிப்பு, பஸ் டிப்போவில் வேலை, பிறகு டார்னெய்ட்டில் சொந்த வீடு என்று வாழ்க்கை ஒவ்வொன்றாகக் கூடிவந்தது. இன்றைக்குப் பஸ் எஞ்சின் இருமினால் என்ன நோய் என்று சொல்லிவிடுவாள். எல்லாம் அந்த மஞ்சள் காரின் முகத்தில் விழித்த பலன் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

போன வருடம் அன்ரி டண்டினோங் வீட்டை விற்றுவிட்டு, சிட்னியில் கெல்லிவில்லில் இருக்கும் மகனோடு போய் இருப்பது என்று முடிவாயிற்று. இளங்கீரன் விமான டிக்கெட் எடுக்கப் போனான். அன்ரி அவனை மறித்துவிட்டு மயூராவைக் கூப்பிட்டார்.

“பிளேனும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். அவன் விட்டிட்டுப் போன காரை அவன்ர வாசல்ல கொண்டுபோய் நிப்பாட்டினாத்தான் எனக்கு மனம் ஆறும். பிள்ளை, கார் உனக்குத்தான். ஆனா என்னை ஒருக்கா அதில கூட்டிக்கொண்டு போவியே?”

“ஓம் அன்ரி” என்று மயூரா யோசிக்காமல் சொல்லிவிட்டாள். இத்தனை வருடத்தில் அன்ரி அவளிடம் கேட்ட ஒரே உதவி அது. அதை எப்படியாவது செய்துவிட வேண்டும்.

காரை டார்னெய்ட்டுக்கு இழுத்து வந்து எஞ்சினைக் கழற்றிப் பார்த்தாள். அடிப்பாகம் கல் மாதிரி இருந்தது. அதன் மேல் இரண்டு பக்கமும் மூடி போல உட்காரும் சிலிண்டர் ஹெட் இரண்டிலும்தான் வெடிப்பு. பழைய இரும்பு ஹெட்டை ஒட்டவைத்து மாரடிப்பதைவிட, அதே எஞ்சினுக்கென்று வேறு கம்பெனிகள் வார்த்து விற்கும் அலுமினிய ஹெட்டுகளைப் பூட்டுவது என்று தீர்மானித்தாள். பாரம் குறைவு, மூச்சும் நன்றாக விடும்.

துணைக்கு வந்தவர் பக்கத்து வீட்டு நரசிம்மன். மதுரைக்காரர். வங்கி ஒன்றில் கணினி வேலை. ஒருநாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “ஏதாச்சும் பிடிக்கணுமா?” என்று கேட்டவர், அடுத்த சனிக்கிழமை தனக்கென்று கையுறை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கேட்காமல் கிடைத்த கை அது. சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்வார். சொல்லாததைச் செய்யமாட்டார். இந்தக் கதையில் அவர் செய்ததும் அப்படித்தான்.

அன்று இடப்பக்க ஹெட்டை இருவருமாக வைத்து இறுக்கி முடித்தார்கள். ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே கேஸ்கட் என்று மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. அது தலைமாறி உட்கார்ந்தால் தண்ணீர் போகவேண்டிய வழியில் போகாமல் எஞ்சின் கொதித்துவிடும். வலப்பக்கத்துக் கேஸ்கட்டை மயூரா உறையிலிருந்து எடுத்து, நிலத்தில் வைத்தால் தூசி பிடிக்குமே என்று எஞ்சினில் அந்தப் பக்கத்து மேலேயே சும்மா வைத்தாள். எது முன், எது பின் என்று இன்னும் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்து டிப்போவிலிருந்து போன். நடுவழியில் ஒரு பஸ் நின்றுவிட்டதாம்.

“நரசிம்மன், டிப்போவில கூப்பிடினம். மற்றப் பக்கக் கேஸ்கட்…” என்று தொடங்கினாள். போன் திரும்பவும் அலறியது. “சரி, போட்டு வாறன்!” என்று ஓடிவிட்டாள்.

யாழ்ப்பாணத்தில் அதற்குப் போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம். மதுரையில் போட்டு என்றால் போட்டுத்தான். நரசிம்மன் திரும்பிப் பார்த்தார். மற்றப் பக்கக் கேஸ்கட் அதன் இடத்தில் பாந்தமாக உட்கார்ந்திருந்தது. போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார், இனி ஹெட்டைத் தன்னை வைக்கச் சொல்கிறார் என்று அவருக்கு மிகவும் சந்தோஷம். பழைய இரும்பு ஹெட் என்றால் தனியாளாக அசைத்திருக்க முடியாது. இது அலுமினியமாயிற்றே. தூக்கி வைத்து, மயூரா சொல்லிக்கொடுத்த வரிசைப்படி ஒவ்வொரு போல்ட்டையும் அளந்து அளந்து இறுக்கினார். திரும்பி வந்த மயூரா, கேஸ்கட்டையும் இடப்பக்கம் போலவே முன்பின் பார்த்துத்தான் வைத்திருப்பார் என்று நம்பி, போல்ட்டுகளை மட்டும் சோதித்துப் பார்த்து, “என்னிலும் பார்க்க வடிவாச் செய்திருக்கிறியள்” என்று பாராட்டக்கூடச் செய்தாள்.

மிச்சத்தையும் பூட்டி எஞ்சினை முதன்முதலாக முடுக்கியபோது டார்னெய்ட் தெருவே எட்டிப் பார்த்தது. நரசிம்மன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஆடினார். ஆட்டம் முடிவதற்குள் வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கியது. நில்லாமல் ஏறியது. மயூரா பாய்ந்து நிறுத்தினாள். அன்ரி புறப்பட ஒரு கிழமைதான் இருந்தது.

குழாய், பம்ப், ரேடியேட்டர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றிலும் குற்றமில்லை. கடைசியில் டோர்ச் அடித்துக்கொண்டு குனிந்தாள். கேஸ்கட்டின் சதுர மூலை ஒன்று எஞ்சினின் முன்பக்கம் வெளியே தெரியவேண்டும். இடப்பக்கம் தெரிந்தது. வலப்பக்கம் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருந்தது.

“நரசிம்மன், இந்தக் கேஸ்கட்டை எந்தப் பக்கம் எண்டு பார்த்தோ போட்டனீங்கள்?”

“நான் எங்க போட்டேன்? நீங்கதானே போட்டீங்க?”

“நானோ? எப்ப?”

“போட்டு வாறன்னு சொல்லிட்டுத்தானே ஓடினீங்க!”

மயூராவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கையிலிருந்த டோர்ச்சை எங்காவது வீசவேண்டும் போலிருந்தது. வீச இடம் தேடினபோதுதான் அவர் சொன்னது மண்டைக்குள் இறங்கியது. அப்படியே நிலத்தில் குந்திச் சிரிக்கத் தொடங்கினாள். விஷயத்தைச் சொன்னதும் நரசிம்மனுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் செத்துப்போயிற்று.

“எஞ்சின் போயிருச்சா மயூரா? அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?”

எஞ்சின் போய்விட்டதா என்பதுதான் அவளுக்கும் தெரியவில்லை. ஹெட்டைக் கழற்றி, இரும்பு அடிமட்டக் கோலைக் குறுக்கே வைத்து, ஒளி கசிகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இம்மியும் வளையவில்லை. உடனே நிறுத்தியதால் தப்பியது. மயூராவுக்குக் கண் கலங்கிவிட்டது. யாருக்கென்று தெரியாமல் நன்றி சொல்லிக்கொண்டாள்.

ஒருமுறை இறுக்கிய கேஸ்கட் மறுபடி உதவாது. நரசிம்மன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கடை கடையாக ஏறி இறங்கி, ஜீலோங்கில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். இந்த முறை அதைக் கையில் வைத்துக்கொண்டு, “முன்பக்கம் இது. நானே போடுறேன். நீங்க எங்கயும் போகாதீங்க” என்றார். மறுபடி முடுக்கியபோது முள் நடுவில் வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

புறப்படும் காலையில் இரஞ்சிதம் அன்ரி முன்சீட்டில் ராணி போல ஏறி உட்கார்ந்தார். நரசிம்மன் டோர்ச்சோடு வந்து இரண்டு பக்க மூலையையும் கடைசியாக ஒருதரம் பார்த்தார்.

“நீங்கள் இல்லாட்டி இது ஓடியிராது, நரசிம்மன்” என்றாள் மயூரா.

“நான் இருந்ததாலதான் ரெண்டு தடவை மாட்ட வேண்டியதாப் போச்சு.”

“இல்லை. உண்மையாச் சொல்லுறன். பெரிய நன்றி.”

அன்ரி கண்ணாடியை இறக்கினார். “தம்பி, போட்டு வாறம்.”

“முதல்ல என்ன போட்டீங்கன்னு சொல்லுங்க ஆன்ட்டி.”

அன்ரி குனிந்து பார்த்துக்கொண்டார். “சீட் பெல்ற்றுத்தான், தம்பி.”

நெடுஞ்சாலை முழுவதும் மயூராவின் ஒரு கண் முள்ளிலேயே இருந்தது. அது நடுவில் சமர்த்தாக இருந்தது. கெல்லிவில்லில் இளங்கீரன் சத்தத்தைக் கேட்டே வெளியே ஓடிவந்தான். மஞ்சள் பொனற்றில் கையை வைத்துத் தடவினான். அன்ரி உடனே இறங்கவில்லை.

“கராஜில படுக்கவிட்டிட்டன் பிள்ளை. ஒரு அறை தர ஏலாமப் போச்செண்டு எனக்கு இண்டைக்கும் கவலைதான்.”

“அன்ரி, அந்தக் கராஜ் இல்லாட்டி எனக்கு இந்தக் கையில தொழில் இல்லை. ஒண்டும் இல்லை.”

அன்ரி அவளுடைய கையைப் பிடித்து, நகத்தில் ஒட்டியிருந்த கிரீஸைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார்.

மறுநாள் தனியே திரும்பும்போது மயூரா சாவியோடு வாசலில் நின்றாள். இந்த நாட்டில் இறங்கிய அன்று, போய்விட்டு வருகிறேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு ஆள் இருக்கவில்லை. சொல்லாமல் போகாதே என்று முதலில் மறித்தவர் இதோ, புதிய வீட்டுக் குசினி யன்னலில் நிற்கிறார்.

“போட்டு வாறன், அன்ரி.”

“ஓம். கெதியா வா.”