பால் வாங்கப் போனவர்

முத்துக்குமாரசாமி புது டூத் பிரஷ்ஷை ஜன்னல் கட்டையில் வைத்து, ஆக்சா பிளேடால் கைப்பிடியை அறுத்துக்கொண்டிருந்தார். நாலாவது இழுப்பில் துண்டு தெறித்து என் காலடியில் விழுந்தது. "பல்லு தேய்க்க நாரு போதும் ஓய். கம்பு எதுக்கு? வாயில சிலம்பமா ஆடப்போறோம்?" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நான் சிரித்துவைத்தேன். அடுக்களை வாசலில் நின்ற அவர் தங்கை உலகம்மை சிரிக்கவில்லை. அண்ணன் பிரஷ் அறுத்தால் புறப்படப் போகிறார் என்று அர்த்தம். உலகம்மையின் மகள் ஆர்த்திகாவின் கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டிய தாய்மாமன் இவர் ஒருவர்தான்.

ஐம்பத்துநாலு வயது. கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து, ஒன்பது வருஷத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு ரயிலேறினார். வருஷம் முழுக்க ஊர் சுற்றல்தான். எல்லாம் முன்பதிவில்லாத பெட்டி, தர்மசாலை, குருத்வாரா ரொட்டி. தோளில் ஒரே பை. அதில் பாதி சோப்பு, பாதி சீப்பு, பாதித் துண்டு. மீன் கொண்டுவரும் ராஜையனின் தராசில் பையை ஊருக்கு வரும்போதெல்லாம் தூக்கிப் பார்ப்பார். நாலு கிலோவைத் தாண்டினால் எதையாவது அறுப்பார். பையில் மீன்வாடை ஏறிவிட்டதாகவும், அதனால் ரயிலில் தாராளமாக இடம் கிடைப்பதாகவும் சொல்வார்.

ஆக்ராவுக்கு மூன்று முறை போயிருக்கிறார். தாஜ்மகாலுக்குள் நுழைந்ததில்லை. "டிக்கெட்டு எடுக்கணும்லா. ஆத்துக்கு அக்கரையில நின்னு பொறத்தப் பாத்தேன். பொறமும் நல்லாத்தான் இருக்கு."

கல்யாணப் பத்திரிகையை உலகம்மை, அவர் இறங்கப்போவதாகச் சொன்ன நாக்பூர் தர்மசாலைக்குத் தபாலில் அனுப்பியிருந்தாள். வழக்கம்போல அதையும் பாதியாகக் கிழித்து, மேல்பாதியைப் பையில் வைத்துக்கொண்டார். இங்கிலீஷ் தேதி கீழ்பாதியோடு போய்விட்டது. மேல்பாதியில் நம்மூர் வழக்கப்படி நடப்புக் கொல்லம் ஆண்டு மட்டும் இருந்தது: 1201 தை 29. ரயிலில் அதை வாங்கி வாசித்த திருச்சிக்காரர் ஒருவர், "இது முடிஞ்சு எண்ணூறு வருஷம் ஆச்சே சார்" என்று மனதார வருத்தப்பட்டாராம். "அப்பம் பந்தி முடிஞ்சிருக்கும்னு சொன்னேன் ஓய்" என்றார் இவர்.

ஆனாலும் வந்து சேர்ந்தார். வந்தவர் தங்கை வீட்டைத் தங்கும் விடுதியாகவே பாவித்தார். வெந்நீர் எத்தனை மணி வரைக்கும் வரும் என்று கேட்டார். பையைச் சைக்கிள் சங்கிலியால் ஜன்னல் கம்பியோடு பூட்டினார். கட்டில் இருக்க, அதனடியில் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தார். மத்தியானத் தூக்கத்தில் திடுக்கென்று எழுந்து, "இது எந்த ஸ்டேஷன்?" என்றார்.

"பூதப்பாண்டி, அண்ணே" என்றாள் உலகம்மை. பூதப்பாண்டிக்கு ரயிலே கிடையாது.

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"கல்யாணம் முடியது வர நிக்கும். நீ ஒறங்கு."

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. எந்த இடத்திலும் நாலு ராத்திரிக்கு மேல் தங்கமாட்டார். "அஞ்சாவது ராத்திரி கெடந்தா அது ஊராயிரும் ஓய். பொறவு ரேஷன் கார்டு வேணும், கரண்டு பில்லு வரும்." அதேபோல பிரஷ்ஷை எந்த வீட்டிலும் வைக்கமாட்டார். அது எப்போதும் சட்டைப் பையில், பேனா இருக்க வேண்டிய இடத்தில் கிடக்கும். "பிரஷ்ஷ ஒரு எடத்துல வச்சா காலு வேரு பிடிச்சிரும்."

போன வருஷம் ஆர்த்திகாவின் நிச்சயத்துக்கும் வந்தார். அன்று காலை, "பால் வாங்கிட்டு வாறேன்" என்று பையோடு இறங்கினார். ஐந்தாம் நாள் அசாமிலிருந்து போன் வந்தது. "இங்க பாலு நல்ல கட்டியாட்டு இருக்கு மக்கா" என்றாராம். உலகம்மை ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டு, வாறேன் என்று சொல்லிவிட்டுப் போனாயே என்று கேட்டிருக்கிறாள். "வாறேன்னுதானே சொன்னேன். எப்பம்னு சொன்னேனாட்டி?"

பிரஷ் அறுத்ததற்கு மறுநாள், அவர் வந்த ஐந்தாவது நாள் விடிந்தது. குழித்துறையிலிருந்து ஒரு வேன் நிறைய உறவினர் முந்தியே வந்து இறங்கிவிட்டார்கள். நான் நாற்காலி இரவல் கொடுக்கப் போயிருந்தேன். அடுக்களையில் பால் தீர்ந்துபோயிருந்தது. அந்த வார்த்தையை யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. உலகம்மை சைகையால் கேட்டாள், ஆர்த்திகா சைகையால் இல்லை என்றாள். அதற்குள் வேனில் வந்த ஒரு பெரியம்மை, "பால் இல்லியா? முத்து, நீ ஒண்ணு ஓடிப் போயிட்டு வா மக்கா" என்று உரக்கச் சொல்லிவிட்டாள்.

முத்துக்குமாரசாமி சங்கிலியைக் கழற்றினார். பையைத் தோளில் மாட்டினார். உலகம்மை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, நான் வேணா போறேன்" என்றாள் ஆர்த்திகா.

அவர் மருமகளைப் பார்த்தார். வாசல்வரை போனார். அங்கேயே நின்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி நேராகக் குளியலறைக்குள் போனார். அங்கே ஒரு எவர்சில்வர் தம்ளரில் வீட்டாரின் பிரஷ்கள் நின்றன. தன் பிரஷ்ஷை எடுத்து அதற்குள் போட்டார். கைப்பிடி இல்லாத பிரஷ் மற்றவற்றுக்கிடையே வழுக்கி, அடியில் போய் விழுந்து காணாமல் போனது. விரலை விட்டு எடுத்து மறுபடி நிறுத்திப் பார்த்தார். மறுபடியும் உள்ளே போய்விட்டது.

"கெடக்கட்டு, சவம்" என்றார். "ஏட்டி, எத்தன பாக்கெட்டு?"